பாலம் வந்தது, கேள்வியும் வந்தது

போன ஆடி அமாவாசையன்று காலையில் நம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தைக் கவனித்தீர்களா? பாதி இடம் காலி. போனவர்களில் பெரும்பாலோர் போனது ராமேஸ்வரத்துக்கு. இங்கிருந்து, ராமநாதபுரத்திலிருந்து, ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ஆனாலும் ஒரே மாடியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீட்டார் தனித்தனிக் காரில் கிளம்பி, பாம்பனுக்கு முன்னால் ஒரே நெரிசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றிருக்கிறார்கள். அதில் ஒரு கார் என்னுடையது.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்பதால் பின்பக்க வேப்பமரத்தடியைச் சிமென்ட் தளமாக்குவது பற்றி. கை தூக்குவதற்கு முன், "காரா, ரயிலா" என்ற கேள்வி நம் பக்கத்தில் எப்போது பிறந்தது என்று கொஞ்சம் பாருங்கள்.

1988 வரை அப்படி ஒரு கேள்வியே இல்லை. தீவுக்குள் போக ரயில்தான். அதை விட்டால் படகு. பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். 145 கண்கள், நடுவில் கப்பல் போக இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கிற பகுதி. அந்தக் காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில் என்று கொழும்பு வரை போக முடிந்தது. பணக்காரர் முதல் வகுப்பில், ஏழை மூன்றாம் வகுப்பில். வண்டி என்னவோ ஒன்றுதான்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் சரிந்தன. பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பேர் பெற்ற ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். அவர் பொறுப்பில் 46 நாளில் பாலம் மறுபடி நின்றது. இவ்வளவு அவசரம் ஏன் என்று யோசித்தால், தீவுக்கு வேறு வழி இல்லை என்பதே பதில். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

சாலைப் பாலத்துக்கு 1974-ல் அடிக்கல் நாட்டினார்கள். 14 வருடம் இழுத்து, 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அன்றுதான் தீவுக்காரர்களுக்கும் நமக்கும் முதல்முறையாகத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. முதலில் லாபம் அடைந்தது பஸ் பயணிகள்தான். அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்களை ஒரு தெருவுக்கு ஒருவர் என்று எண்ணிவிடலாம். கார் பெருகியது பிறகு.

கார் வாங்கிய வீட்டில் கணக்கு மாறிவிடுகிறது. போக வர 110 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 ஓடினால் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், பெட்ரோல் விலைக்கு 700, 750 ரூபாய். நான்கு பேர் போனால் பஸ்ஸோடு ஒப்பிட அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், வருடா வருடம் இறங்கும் வண்டி விலை இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஏற்கெனவே செலவான பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிக்கெட் பணம் மட்டும் கையிலிருந்து போவது தெரியும். இன்னொன்று, காத்திருக்கும் நேரம். பஸ் நிலையத்தில் நிற்கும் பத்து நிமிடம் காருக்குள் நெரிசலில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தை விட நீளமாகத் தெரியும். ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, "என் கையில் ஸ்டியரிங்" என்ற நினைப்பும் இருக்கிறது. கார் நகராவிட்டாலும் அந்த நினைப்பு போகாது.

இந்தத் தவறான கணக்கு திருத்தக்கூடியதா? ஜப்பானில் ஒசாகாவுக்கும் சகாய்க்கும் இடையே ஒரு விரைவுச் சாலையை 8 நாள் மூடியபோது, அதில் தினமும் ஓட்டிப் போனவர்களை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். ரயிலில் போனால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பலர் கூடுதலாகவே நினைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சாலை திறந்த பிறகும் சிலர் ரயிலை விடவில்லை.

நமக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் திரும்பிப் போயின. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை இரண்டே கால் வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயில் கிடையாது. ரயிலில் போய்க்கொண்டிருந்த வீடுகள் அந்த இடைவெளியில் காருக்குப் பழகின. எங்கள் வீடு அப்படித்தான். செங்குத்தாக 17 மீட்டர் உயரும் தூக்குப் பகுதியோடு பாலம் வந்துவிட்டது. நான் இன்னும் ஒரு டிக்கெட்கூட எடுக்கவில்லை. ஆனால் சாலைப் பாலத்தில் காரை ஓரம் கட்டி, ரயில் போவதைப் படம் எடுத்திருக்கிறேன். நிறுத்தக் கூடாத இடம் என்று தெரியும். எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கும் தெரியும்.

கார்க்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத் துணியும் வயதான தாயாரும் கைக்குழந்தையுமாக வெளியே வருகிறவர்களை, "பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து, டவுனில் இறங்கி இன்னொரு ஆட்டோ பிடியுங்கள்" என்று சொல்வது எளிது. மூன்றாம் மாடி அக்காவிடம் இந்தக் கட்டுரை பற்றிச் சொன்னேன். "தம்பி, எங்க மாமியாருக்கு முட்டி வலி. நீங்க பேசுங்க" என்றார். அவர் காரில் போகட்டும். கேள்வி மற்ற நம்மைப் பற்றியது, அதிலும் எதிரெதிர் வீட்டு இரண்டு கார்களைப் பற்றியது.

வேப்பமரத்தடிக்குச் சிமென்ட் போட்டால் நான்கு கார் நிற்கும் என்கிறார்கள். பகலெல்லாம் அங்கே பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தத் தீர்மானத்தைத் தை அமாவாசை கழியும்வரை தள்ளிவைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தத் தை அமாவாசைக்கு நானும் வீட்டில் உள்ளவர்களும் ரயிலில் போவதாக இருக்கிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணை எழுதுங்கள். ஈரத் துணிக்கு மூடி போட்ட வாளி இரண்டு நான் கொண்டு வருகிறேன்.