துடிப்பின் கதை – 7
கொய்னா விழுங்கிய வியாபாரி

சென்ற வாரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு வந்தோமே, அந்த மனிதரை உள்ளே அழைப்போம்.

ஆண்டு 1912. ஒல்லாந்தின் பெயர்பெற்ற இதய மருத்துவர் வென்கெபாக்கின் முன் அமர்ந்திருக்கிறார் அவர். நாடி தாறுமாறாக ஓடுகிறது. இதயத்தின் மேலறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்குகின்றன. வலி பெரிதாக இல்லை. ஆனால் ஆள் வியாபாரி. கணக்கில் ஒழுங்கு பார்த்தே பழகியவர். இதயத்தில் மட்டும் ஒழுங்கில்லை என்றால் எப்படி? இதைக்கூட நிறுத்த முடியாவிட்டால் இதய நிபுணர்கள் எதற்கு என்று கேட்டேவிட்டார்.

வென்கெபாக் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தன்னாலேயே நிறுத்திக்கொள்ள முடியும் என்றார் வந்தவர். மருத்துவர் நம்பவில்லை.

மறுநாள் காலை வந்து கையை நீட்டினார். நாடி கடிகாரம்போல் ஓடியது! விழுங்கியது ஒரு கிராம் கொய்னா. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுப்பார்களே, அதே கசப்பு மருந்துதான்.

வென்கெபாக்கின் பெருமை இங்கேதான். நோயாளி சொன்னதைச் சிரித்து ஒதுக்காமல் மற்றவர்களிடமும் சோதித்து, 1914இல் புத்தகத்தில் எழுதிவைத்தார். கொய்னா சிலருக்கே பலித்தது. 1918இல் வால்டர் ஃப்ரை என்ற மருத்துவர், கொய்னா எடுக்கப்படும் அதே சின்கோனா பட்டையில் கிடைக்கும் குவினிடின் இன்னும் வலுவானது என்று கண்டார்.

அது என்ன செய்கிறது? இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சோடியம் பாய்ந்தால் மின் அலை கிளம்பும். பொட்டாசியம் வெளியேறினால் செல் ஓய்ந்து, அடுத்த அலைக்குத் தயாராகும். குவினிடின் சோடியத்தின் வழியை அடைக்கிறது, அலை மெதுவாகிறது. பொட்டாசியத்தையும் தாமதப்படுத்துகிறது, ஓய்வு நீள்கிறது. மேலறையில் சுற்றிச் சுற்றி வரும் கள்ள அலை, எதிரே இருக்கும் செல் இன்னும் தயாராகாததால் முட்டி அணைந்துபோகிறது.

அருமையான தந்திரம். ஆனால் மருந்துக்கு மேலறை எது, கீழறை எது என்று தெரியுமா? உடலுக்கு ரத்தத்தை அனுப்பும் கீழறையிலும் அதே தாமதம் ஏற்படுகிறதே!

குவினிடின் சாப்பிட்டவர்களில் சிலர் திடீரென மயங்கி விழுந்தார்கள். சிலர் எழவே இல்லை. 1964இல் செல்சர், ரே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அப்படி மயங்கியவர்களின் இசிஜி பதிவுகளை வெளியிட்டார்கள்.

அந்தத் தாளில் நடுங்கிக்கொண்டிருந்தது மேலறை அல்ல.

(அடுத்த வாரம்)