தங்கவயலில் மறுபிறவி எடுத்த ‘தமிழன்’

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் பங்காருபேட்டை என்றொரு நிலையம் உண்டு. முன்னாளில் ஆங்கில அதிகாரி ஒருவரின் பெயரால் பௌரிங்பேட்டை என வழங்கிய ஊர் அது. அங்கே இறங்கிக் கிளைவண்டி ஏறினால் கோலார் தங்கவயலைக் கடந்து மாரிக்குப்பம் சேரலாம். சுரங்கங்களின் பொருட்டு 1894-இல் திறக்கப்பட்ட பாதை அது. அவ்வழியே பொன் வெளியே போயிற்று. தமிழர் உள்ளே வந்தனர். வந்தவர்கள் அம்மண்ணில் பேணி வளர்த்த ஓர் இதழின் வரலாற்றை இன்று நாம் நினைவுகூர விழைகிறோம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் திரள்திரளாக அங்குக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். சொந்த ஊரில் நிலமும் இல்லை, நிமிர்ந்து நடக்க உரிமையும் இல்லை. சுரங்கத்திலோ பாறைவெடிப்பும் நுரையீரல் நோயும் காத்திருந்தன. ஆயினும் திங்கள்தோறும் கையில் கூலி வந்தது. அக்கூலியில் ஒரு சிறு பங்கு ஒரு பத்திரிகைக்குச் சென்றது என்பதே நாம் வியக்க வேண்டிய செய்தி.

சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாச பண்டிதர், 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கங்கள்; விலை காலணா. ஓராண்டுக்குப் பின் வாசகர் விருப்பப்படி அதன் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. பண்டிதர் நிறுவிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்திலும் இயங்கியமையால், சுரங்கத் தொழிலாளரிடையே இதழுக்கு உறுதியான ஆதரவு அமைந்தது. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதார் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளில் எங்கும் நிலவிய வழக்கம். ஆதலின் பத்திரிகை ஒன்றாயினும் அதனைக் கேட்ட செவிகள் பல.

கேட்பதோடு அமையாமல் வினவவும் அவர்களுக்கு இடம் இருந்தது. வாசகர் ஐயங்களை எழுதி அனுப்ப, பண்டிதர் விளக்கம் தரும் பகுதி இதழில் இருந்தது. எளியவர்களை எழுத வைப்பதற்கென்று இன்று பயிலரங்குகள் நடத்துகிறோம். அன்று அப்பெயர் இல்லை, பணி இருந்தது. ஒருவர் தம் ஐயத்தைத் தெளிவாக எழுத முயலும்போதே எழுத்தாளராகிவிடுகிறார் அல்லவா?

1914-ஆம் ஆண்டு மே மாதம் பண்டிதர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தியும் இதழ் நிலைக்கவில்லை. பொருள்வளம் இல்லாத எத்தனையோ இதழ்களின் கதை இத்துடன் முடிந்திருக்கிறது. ‘தமிழன்’ கதை முடியவில்லை. 1926-இல், பிறந்த சென்னையில் அன்று, மைசூர் சமஸ்தானத்துத் தங்கவயலில் அது மீண்டும் எழுந்தது. ஜி. அப்பாதுரையார் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பௌத்தத்தோடு சுயமரியாதைக் கருத்துகளும் அதில் இடம்பெற்றன. சித்தார்த்த புத்தகசாலை என்னும் வெளியீட்டகமும் அங்கே தோன்றிப் பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. பெருஞ்செல்வர் எவரையும் நம்பாமல் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே வாங்கிப் படித்த ஒரு சமுதாயத்தை அங்குக் காண்கிறோம்.

அதன் மதிப்பை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். 1930-இல் சுரங்கத் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டுமென்று விதி வந்தது. தொழிலாளர்கள் அதனை மறுத்து மூன்று வாரங்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஒரு புறம் அவர்களிடம் கைரேகை கேட்டார்கள். மறு புறம் அதே ஊரிலிருந்து ‘தமிழன்’ வெளிவந்துகொண்டிருந்தது. மனிதனை வெறும் விரல் அடையாளமாகக் காண்பது ஒன்று. கருத்துடையவனாகக் காண்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்ற காலம் அது.

பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழைத் தொடங்கியது 1920-இல். வாய் பேசாதோரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே தமிழில் அத்தகைய குரல் எழுந்திருந்தும், நம் இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. தனி அன்பர்கள் பழைய தாள்களைக் காத்துவைத்தமையால் அக்குரல் அழியாது நின்றது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே அறிஞர் உலகம் அவரை நன்கு அறிந்தது. 2005-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் விடியுமுன் வண்டியேறி, பங்காருபேட்டை வழியே பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். பொன் தீர்ந்தது, அச்சில் ஏறிய சொல் தீரவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! உங்கள் சங்கத்தின் ஆண்டு மலரும், கையெழுத்துப் பத்திரிகையும், பழைய துண்டறிக்கையும் வீட்டுப் பரணில் எங்கேனும் கிடக்கலாம். அவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அருகில் உழைத்து வாழும் ஒருவர் தம் கதையை எழுத விரும்பினால் தாளும் மையும் கொடுத்து உடன் அமருங்கள். காலணா இதழைக் காத்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.