விதை வெங்காயம் போகும் வழி

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் ஆடி, ஆவணியில் போனால் வயலோரங்களில் பட்டறைகளைப் பார்க்கலாம். ஈரம் ஏறாதபடி கல் அடுக்கி, அதன் மேல் குச்சி பரப்பி, இருபுறமும் படல் கட்டி, தென்னங்கீற்று வேய்ந்த நீளமான கூண்டு. காற்று உள்ளே போகும், மழை போகாது. அங்கிருந்து வடக்கே கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கும் கல்வராயன் மலைக்கும் தை, மாசியில் வந்து சேரும் சின்ன வெங்காயத்தின் கதை இந்தப் பட்டறையில்தான் தொடங்குகிறது.

சித்திரைப் பட்டத்து அறுவடையில் விற்காமல் ஒதுக்கிய வெங்காயம் அது. பிடுங்கிய கையோடு திரும்ப ஊன்றினால் சீராக முளைக்காது. உறக்கம் தெளிய இரண்டு மாதமாவது வேண்டும். அதுவரை அழுகியதைப் பொறுக்கி எறிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ விதை தேவை. புரட்டாசியில் விலை ஏறினால் அந்த மூட்டைகளைத் தூக்கி விற்றுவிடலாம் என்று கை அரிக்கும். விற்காமல் வைத்திருப்பவருக்குத்தான் அடுத்த பட்டம் சொந்தம்.

ஐப்பசி பிறந்ததும் பட்டறையைப் பிரிக்கிறார்கள். பார் பிடித்த வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். வேர்ப்பக்கம் கீழே, முனை மேலே, தலை லேசாகத் தெரியும்படி ஓர் அழுத்து. பாருக்குப் பார் 45 செ.மீ., காய்க்குக் காய் 10 செ.மீ. ஒரு காய் நான்கைந்தாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் ஒரு காயாகத் திரளும்.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலும் இதே மாதங்களில் வெங்காயமும் பூண்டும் நடுகிறார்கள். அங்கே அது உறைபனியைத் தாங்கிக் கிடந்து கோடையில்தான் கைக்கு வரும். நம் சின்ன வெங்காயத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரப் பகலே போதும்; 70 முதல் 90 நாளில் முடிந்துவிடும். அது தாங்க வேண்டியது வடகிழக்குப் பருவமழையை. வயலில் தண்ணீர் நின்றால் அடி அழுகும். தாள் முறுகித் திருகிக்கொள்ளும் கோழிக்கால் நோய் வந்தால் காய் திரளாது. அதனால்தான் விதையை டிரைக்கோடெர்மா விரிடியில் நேர்த்தி செய்து, வடிகால் பார்த்து நடச் சொல்கிறார்கள்.

தப்பிய பயிரில் மார்கழி முடிவில் தாள் சாயத் தொடங்கும். பிடுங்கி வயலிலேயே தாளால் காயை மூடிக் காயவைத்து, பிறகு தாளும் வேரும் அரிந்து மூட்டை பிடிக்கிறார்கள். மூட்டை மண்டி ஏறுகிறது. ஒரு பங்கு இலங்கைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் கப்பலேறும். ஒரு பங்கு சாமையும் மரவள்ளியும் விளையும் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைக் கடைகளுக்கு ஏறும்.

அந்தக் கடைகளில் பக்கத்துச் சாக்கில் இருக்கும் பூண்டு இதைவிட நெடுந்தூரம் வந்தது. பூண்டுக்குக் குளிர் பட்டால்தான் பல் பிரியும். கல்வராயன் மலை 2,000 முதல் 4,000 அடி உயரம். மலைப்பூண்டு விளையும் கொடைக்கானல் பூம்பாறை 6,000 அடிக்கு மேல். ஆகவே நம் கடைகளுக்கு வரும் பூண்டில் பெரும்பகுதி, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளில் அக்டோபரில் ஊன்றி அங்கத்திய குளிரில் வளர்ந்தது.

சின்ன வெங்காயத்தின் வழியில் மழையைவிடப் பெரிய தடையும் வந்ததுண்டு. 2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பெரிய வெங்காயத்தின் விலையை அடக்க வந்த தடை, சின்ன வெங்காயத்தையும் சேர்த்துப் பிடித்தது. அது விலகியது 2024 மே மாதத்தில். தை, மாசி அறுவடை அதற்குள் முடிந்திருந்தது.

இப்படிப்பட்ட காலங்களில் விவசாயியின் கையில் மிஞ்சுவது பட்டறை ஒன்றுதான். இருந்தால் விலைக்குக் காத்திருக்கலாம், விதையும் காப்பாற்றலாம். இல்லாதவர் அறுவடையன்று கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, ஐப்பசியில் அதே வெங்காயத்தைச் சொன்ன விலைக்கு விதையாக வாங்குகிறார். 25 டன் கொள்ளும் வெங்காயக் கிடங்குக்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, அதில் பாதியை, 87,500 ரூபாயை, தோட்டக்கலைத் துறை மானியமாகத் தந்து வந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மீதிப் பாதியைப் புரட்ட முடியாத ஒரு ஏக்கர்க்காரருக்கு அது எட்டாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிடங்கு கட்டவும், முன்பணம் இல்லாமல் தொடங்கவும் வழி செய்ய வேண்டும். விதையைக் காப்பாற்ற இடம் கொடுத்தால், மிச்சத்தை விவசாயி பார்த்துக்கொள்வார்.