மார்பக அறுவைக்குப் பின் வலி: நரம்புத் தடையை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது நரம்புத் தடை ஊசி போடுவது நல்லதா என்று கேட்டால், இன்று பெரும்பாலான மயக்கவியல் மருத்துவர்கள் ஆம் என்பார்கள். எதற்காக என்று கேட்டால் விடைகள் பிரிகின்றன. அறுவை நடந்த நாளின் வலி தணியும் என்பது ஒரு விடை. மாதக்கணக்கில் நீளும் வலியைத் தடுக்கும் என்பது இன்னொன்று. நோய் திரும்பி வருவதையே குறைக்கும் என்ற நம்பிக்கையும் சில காலம் வலுவாக இருந்தது. இந்த மூன்றுக்கும் சான்று ஒரே அளவில் இல்லை. முதல் காரணம் மட்டுமே ஊசி போடப் போதுமானது என்பதும், மற்ற இரண்டையும் அதன்மேல் ஏற்றுவது நோயாளிக்கு நன்மை செய்யாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மார்பகத்தின் உணர்வு ஒரே பாதையில் செல்வதில்லை. தோலுக்கும் சுரப்பித் திசுவுக்கும் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வரையிலான விலாவிடை நரம்புகள் கிளை அனுப்புகின்றன. பக்கவாட்டுக் கிளைகள் அக்குள் பக்கமாகவும், முன்கிளைகள் மார்பெலும்பின் ஓரமாகவும் வந்து சேர்கின்றன. காறை எலும்பை ஒட்டிய தோலுக்குக் கழுத்திலிருந்து நரம்புகள் இறங்குகின்றன. அடியிலுள்ள மார்புத் தசைகளுக்கோ கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலிலிருந்து கிளைகள் வருகின்றன. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது குறுக்கே கிடப்பது இரண்டாம் விலாவிடை நரம்பின் ஒரு கிளை; மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்வு தருவது அது. அறுவையில் அது இழுபடுவதும் அறுபடுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. ஆகவே எந்த ஊசி என்பதைக் கத்தி எங்கே போகிறது என்பதே முடிவு செய்ய வேண்டும்.

முதுகெலும்பின் பக்கவாட்டு இடைவெளியில் மரப்பு மருந்தைச் செலுத்தும் பாராவெர்ட்டிபிரல் பிளாக் பழையது. 1905இல் ஜெர்மானியரான ஹூகோ செல்ஹைம் அதை விவரித்தார். பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1979இல் ஈசன், வயட் ஆகியோரால் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. முதுகெலும்பிலிருந்து வெளிவரும் இடத்திலேயே நரம்பு மரத்துப்போவது அதன் பலம். நுரையீரல் உறை அருகிலேயே இருப்பது அதன் அபாயம். இந்த அச்சத்துக்கு மாற்றாக 2011இல் ரஃபேல் பிளாங்கோ, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் துணையோடு இரு மார்புத் தசைகளுக்கு நடுவே மருந்தைச் செலுத்தும் பெக்ஸ் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் வடிவம் சிறிய மார்புத் தசைக்கு அடியிலும் மருந்தைச் செலுத்தி, அக்குளை எட்டியது. 2016இல் ஃபொரேரோ குழுவினர் முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக்கை அறிமுகம் செய்தனர்.

அறுவைக்குப் பிந்தைய வலியைத் தணிப்பது பற்றி 2020இல் வெளியான புராஸ்பெக்ட் பரிந்துரை, பெரிய மார்பக அறுவைகளுக்குப் பாராவெர்ட்டிபிரல் பிளாக்கை முதலிலும், பெக்ஸை அதற்கு மாற்றாகவும் வைக்கிறது. இது எனக்கு ஏற்புடையது. எரெக்டர் ஸ்பைனே பரவலாகிவிட்டதற்கு முக்கியக் காரணம், அது போட எளிது என்பதே. அதில் மருந்து நரம்பின் முன்கிளைவரை சென்று சேர்வது ஆளுக்கு ஆள் மாறுகிறது. மருத்துவருக்கு எளிதாக இருப்பது நோயாளிக்குப் பலன் தருவதற்குச் சான்றாகாது. பெக்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. மார்பெலும்பை ஒட்டிய உட்பகுதியை அது மரக்கச் செய்யாது. அங்கே வெட்டு நீளுமானால் கூடுதல் ஊசி தேவை.

இனி அந்தப் பெரிய நம்பிக்கைகளுக்கு வருவோம். 2006இல் 129 நோயாளிகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்த எக்ஸடாக்டிலோஸ் குழு, பாராவெர்ட்டிபிரல் பிளாக் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று எழுதியது. அதைச் சோதிக்க எட்டு நாடுகளில் 13 மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தடை பெற்ற பிரிவு, பெறாத பிரிவு இரண்டிலும் நோய் திரும்பியது சுமார் 10 சதவீதம், வேறுபாடு இல்லை. அதே ஆய்வில் ஆறு மாதத்தில் வெட்டிய இடத்தில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் இரு பிரிவிலும் பாதிப்பேர். ஓராண்டில் கால்பங்குக்குச் சற்று மேல். இதற்கு முந்தைய ஆண்டு வந்த காக்ரேன் தொகுப்பாய்வோ, ஏழு பெண்களுக்கு ஊசி போட்டால் ஒருவருக்கு நீள்வலி தவிர்க்கப்படும் என்று கணித்திருந்தது. அது பல சிறிய ஆய்வுகளைச் சேர்த்த கணக்கு. இரண்டும் முரண்படும்போது பெரிய ஆய்வின் பக்கம் நிற்பதே முறை.

நீள்வலியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 2009இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வில், அறுவை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பெண்களில் 47 சதவீதத்தினர் வலியோடு இருந்தனர். இளம் வயதும், அக்குள் முடிச்சுகளை முழுமையாக அகற்றுவதும், கதிர்வீச்சும் அதை அதிகரித்தன. அறுபட்ட நரம்பை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும் மரப்பு மருந்து மீட்டுவிடாது. தேவையற்ற இடத்தில் அக்குளை முழுதும் துழாவாமல், முதல் நிணநீர் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிப்பது இந்த வலியைக் குறைக்கும் வலுவான வழி. அது அறுவை மருத்துவரின் கையில் இருக்கிறது.

இங்கே இந்திய ஆய்வு ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டும். டாடா நினைவு மருத்துவமனையின் பட்வே குழு 11 மையங்களில் 1600 பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் என்ற மரப்பு மருந்து செலுத்தப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி வாழ்ந்தவர்கள் 82.6இலிருந்து 86.6 சதவீதமாக உயர்ந்தனர். இது நரம்புத் தடை அன்று. இதன் பெருமையைப் பெக்ஸுக்கோ பாராவெர்ட்டிபிரலுக்கோ எடுத்துத் தர முடியாது.

அப்படியானால் எஞ்சுவது முதல் நாள். அதைச் சிறிதென்று எண்ணுவோர் அறுவை முடிந்த பெண்ணின் படுக்கையருகே நின்று பார்க்கட்டும். நரம்புத் தடையால் மார்ஃபின் தேவை குறைந்தால் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன. எழுந்து உட்கார்வதும் சாப்பிடுவதும் முன்னதாகவே நடக்கின்றன. ஆனால் ஒருமுறை போட்ட ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். காலையில் அறுவை நடந்தால், வார்டில் ஆள் குறைந்த நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வலி திரும்பும். ஆகவே மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமாலையும், சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் அழற்சி நீக்கி மாத்திரையையும் நேரம் தவறாமல் தொடங்க வேண்டும். வலி வந்தபின் கேட்டால் தருவோம் என்ற வழக்கம் இங்கே பெண்களுக்கு எதிராகவே முடிகிறது. பலர் கேட்பதே இல்லை. கையை உயர்த்தச் சொல்லி, அப்போது எவ்வளவு வலிக்கிறது என்று செவிலியர் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் சரியான அளவீடு.

மாவட்ட மருத்துவமனைகளில் இடையூறாக இருப்பது பல நேரங்களில் ஊசிக்கு வழிகாட்டும் அல்ட்ராசவுண்ட் கருவி கிடைக்காததே. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். சட்டத்தின் நோக்கம் நியாயமானது. அதன் பதிவு நடைமுறைகளோ மயக்கவியல் துறைக்கென ஒரு கருவி பெறுவதைக் கடினமாக்கியுள்ளன. கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. மார்பகம் அகற்றப்பட்டதும் தசை அடுக்குகள் கண்ணெதிரே திறந்து கிடக்கின்றன. அறுவை மருத்துவரே பார்த்தபடி அங்கே மருந்தைச் செலுத்தலாம். அளவுக் கணக்கு மட்டும் மயக்கவியல் மருத்துவரிடம் இருக்க வேண்டும். ரோபிவகெயின் என்ற மரப்பு மருந்துக்குப் பொதுவாகக் கொள்ளும் உச்ச அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.5 சதவீத மருந்தில் 30 மில்லியிலேயே அது முடிந்துவிடுகிறது; அதன்பின் தையல் போடுமிடத்தில் இன்னும் கொஞ்சம் என்று யாரும் ஏற்றக் கூடாது. மருந்து இரத்தத்தில் ஏறி நச்சானால் உடனே செலுத்த 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அதே அறையில் இருந்தாக வேண்டும்.