கடைசி மெட்ரோவுக்கு முன்னால ஒரு ஃப்ரீ ஜாஸ்... வடசென்னை ரசிகர்களுக்கு ஒரு முழு கைடு!

சாக்ஸபோன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பெரும்பாலானவர்கள் 'டூயட்' படத்தைத்தான் சொல்வோம். 1994-ல் வந்த அந்தப் படத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் கத்ரி கோபால்நாத் வாசித்த சாக்ஸபோன் இன்னமும் நம் காதில் இருக்கிறது. அதே சாக்ஸபோனில் ஒருவர் முணுமுணுக்க ஒரு மெட்டுகூட இல்லாமல், தாளமும் பிடிபடாமல், அலறலும் கீச்சலுமாக 40 நிமிடம் வாசித்தால் எப்படி இருக்கும்?

முன் வரிசையில் இருப்பவர் எழுந்து போய்விடலாம். பக்கத்து சீட்காரர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்து சீட்காரர் ரகம்தான் அவாண்ட் கார்டு ஜாஸின் தீவிர ரசிகர். உலகம் முழுக்கவே இவர்கள் சின்னக் கூட்டம்தான். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருந்துகொண்டு இந்தக் கூட்டத்தில் சேர முடியுமா? முடியும். அதற்கான கைடு இது.

முதல்ல, இது என்ன மியூசிக்?

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அதுவும் நம்ம ஏரியா மாதிரி ஒரு துறைமுக ஊர். வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும். அதற்குக் கீழே குறிப்பிட்ட கார்டுகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். அந்த வட்டத்துக்குள் நின்று ஒவ்வொருவரும் தன் கற்பனையைக் காட்டுவார்கள்.

1950-களின் கடைசியில் சிலர் அந்த வட்டத்தையே தூக்கிப்போட்டார்கள். கார்டு வரிசை வேண்டாம், நிலையான தாளம் வேண்டாம், யார் எப்போது வாசிப்பது என்ற முறையும் வேண்டாம். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டு, அந்த நொடியில் பதில் சொல்வதுதான் இசை. இதைத்தான் 'ஃப்ரீ ஜாஸ்' என்றார்கள். இதையும் இதிலிருந்து கிளைத்த பரிசோதனைகளையும் சேர்த்துச் சொல்லும் பெயர் 'அவாண்ட் கார்டு ஜாஸ்'.

ஆரம்பிச்சு வெச்சவங்க யார்?

முதல் பெயர் ஆர்னெட் கோல்மன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கடையில் லிஃப்ட் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டே இசையைத் தானாகப் படித்தவர். அவர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். ஒருமுறை லூசியானாவில் கச்சேரி முடிந்து வெளியே வந்தவரை அடித்து, கையில் இருந்த சாக்ஸபோனையும் நாசமாக்கினார்கள்.

1959 நவம்பரில் நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' கிளப்பில் வாசிக்க வந்தார். இரண்டு வாரத்துக்கு புக் ஆன நிகழ்ச்சி, பத்து வாரம் ஓடியது. பெரிய இசைக்கலைஞர்களே 'மேதை', 'ஏமாற்றுக்காரர்' என்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். 1961-ல் வெளியான அவருடைய 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழுக்களாக நின்று, சுமார் 37 நிமிடம் இடைவிடாமல் வாசித்தார்கள். இந்த இசைக்கே பெயர் கொடுத்தது அந்த ஆல்பம்தான். ஏமாற்றுக்காரர் என்று ஏசப்பட்ட அதே மனிதருக்கு 2007-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அது 'சவுண்ட் கிராமர்' என்ற லைவ் ஆல்பத்துக்காக.

அடுத்தவர் பியானோ கலைஞர் செசில் டெய்லர். முழங்கை, முஷ்டி எல்லாம் பயன்படுத்தி, பியானோவை டிரம்ஸ் மாதிரி வாசித்தவர். ஆரம்பத்தில் வாய்ப்பே இல்லாமல் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனார்.

1965-ல் ஜான் கோல்ட்ரேனும் இந்தப் பாதைக்கு வந்தார். அவருடைய 'அசென்ஷன்' ஆல்பம் அந்த வருடம் பதிவானதுதான். அதே 1965-ல் சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்கள் 'ஏ.ஏ.சி.எம்.' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மேடை கொடுக்க ஆளில்லையா, நாமே நடத்திக்கொள்வோம் என்பதுதான் அவர்களின் முடிவு. அந்தச் சங்கம் இன்றுவரை இருக்கிறது.

1970-களின் நியூயார்க்கில் இன்னொரு விஷயமும் நடந்தது. தொழிற்சாலைகள் காலி செய்துவிட்டுப்போன பழைய மாடிகளில் கலைஞர்களே குடியேறி, அங்கேயே கச்சேரியும் வைத்தார்கள். சாம் ரிவர்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞர் தன் மனைவி பியாட்ரிஸுடன் நடத்திய 'ஸ்டுடியோ ரிவ்பீ' அதில் புகழ்பெற்றது. 'லாஃப்ட் ஜாஸ்' என்று அந்தக் காலகட்டத்துக்கே பெயர். பூட்டிக் கிடக்கும் குடோன்களைத் தாண்டி தினமும் போய்வருகிற நமக்கு இது யோசிக்கவேண்டிய செய்தி.

நம்ம ஊர் கனெக்‌ஷன் இருக்கா?

நிறையவே இருக்கு.

* சச்சிதானந்தரும் ஆலிஸும்: கோல்ட்ரேன் 1967-ல் இறந்த பிறகு, அவருடைய மனைவியும் ஹார்ப், பியானோ கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன் ஒரு குருவைத் தேடிப்போனார். அந்தக் குரு, கோவை பக்கத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969 உட்ஸ்டாக் விழாவில் தொடக்க உரை பேசியவரும் அவரே. 1971-ல் வந்த ஆலிஸின் புகழ்பெற்ற ஆல்பத்தின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'.

* கத்ரி கோபால்நாத்: 1980-ல் பம்பாயில் நடந்த 'ஜாஸ் யாத்ரா' விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையிலேயே சேர்ந்து வாசித்தார். 2008-ல் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் சேர்ந்து செய்த ஆல்பம் 'கின்ஸ்மென்'. அதில் வயலின் வாசித்தவர் ஏ.கன்யாகுமரி.

* விஜய் ஐயர்: தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர். முதலில் இயற்பியல் படித்தவர். 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப், அடுத்த வருடம் ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. 2011-ல் வந்த 'தீர்த்தா' ஆல்பத்தில் நம்ம கிட்டாரிஸ்ட் பிரசன்னாவும் தபலா கலைஞர் நிதின் மித்தாவும் அவரோடு இருக்கிறார்கள்.

* மார்ட்டன் விஸர்: சென்னையில் பல வருடங்கள் தங்கி வாசித்துவரும் டச்சு சாக்ஸபோன் கலைஞர். பத்மினி செட்டூரின் நடனப் படைப்புகளுக்கு இசையமைத்தவர்.

'இதெல்லாம் நமக்குப் புரியுமா ப்ரோ?'

இந்தக் கேள்விதான் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால், வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு முன்பழக்கம் உண்டு.

சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டிருக்கீங்களா? இறந்தவரைப் பற்றி அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவார்கள். பாடுகிறவர் எந்த நொடியில் வேகம் எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்று பக்கத்தில் தாளம் தட்டுகிறவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தால் பாட்டின் போக்கே மாறிவிடும். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் திருவிழாவில் நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை நின்று நீட்டும்போது, தவில்காரர் காத்திருந்து பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீ ஜாஸில் கேட்கவேண்டியதும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கானாவில் சொல்லும் தாளமும் நம்மைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீ ஜாஸில் அந்தப் பிடி பல நேரம் இருக்காது. முதல் பத்து நிமிடம் எரிச்சலாகக்கூட வரும். அது உங்கள் அறிவுக் குறைவு இல்லை. எல்லா ரசிகர்களும் அதைத் தாண்டி வந்தவர்கள்தான்.

மேற்கத்திய இசையும் இந்தப் பக்கத்துக்குப் புதுசு கிடையாது. 'சார்பட்டா பரம்பரை'யில் வரும் கெவின் டாடி ஞாபகம் இருக்கா? ராயபுரம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிட்டாரும் நடன இசையும் அன்றாட விஷயம். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்தின் பாழான கரையில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'பொறம்போக்கு' பாடலை கர்நாடக ராகங்களில் பாடினார். 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது கானாவும் சட்டியும் கட்டமோளமும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு நின்றன. பழகாத சத்தங்களைச் சேர்த்துக் கேட்க நம்ம காது ஏற்கெனவே தயார்தான்.

லைவ்ல கேட்டே ஆகணுமா?

ஆமாம். யூடியூபில் கேட்கும்போது சத்தம் மட்டும்தான் வரும். நேரில், டிரம்மர் கையைத் தூக்கிவிட்டு அடிக்காமல் நிறுத்துவது தெரியும். பாஸ் வாசிப்பவர் அதைப் பார்த்துச் சிரிப்பது தெரியும். அந்தச் சிரிப்பில் இருந்து அடுத்த ஐந்து நிமிட இசை பிறக்கும். நாளைக்கு அதே குழு, அதே மேடையில் வாசித்தாலும் இது திரும்ப வராது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கச்சேரிகளுக்கு முப்பது பேர் வந்தாலே நல்ல கூட்டம். அதில் நீங்களும் ஒருவர். பாதியில் எழுந்து போனால் மேடைக்கே தெரியும். இறுதிவரை கேட்டுக்கொண்டு இருந்தாலும் மேடைக்குத் தெரியும்.

மேடையில் புழங்கும் சொற்கள்

* ஹெட்: ஆரம்பத்திலும் முடிவிலும் வரும் மெட்டு. நம்ம பல்லவி மாதிரி. ஃப்ரீ ஜாஸில் இது இல்லாமலும் போகலாம்.
* செட்: இடைவேளைக்கு முன், பின் என்று கச்சேரியின் ஒரு பகுதி.
* கலெக்டிவ் இம்ப்ரோவைசேஷன்: எல்லோரும் ஒரே நேரத்தில் கற்பனையில் வாசிப்பது. சந்தை மாதிரி கேட்கும் கட்டம் இதுதான்.
* எக்ஸ்டெண்டட் டெக்னிக்: வாத்தியத்தை வழக்கமில்லாத விதத்தில் வாசிப்பது. பியானோவின் உள்ளே கைவிட்டுக் கம்பியை மீட்டுவது, சாக்ஸபோனில் ஒரே மூச்சில் பல சுரங்களை எழுப்புவது இதெல்லாம்.

முதல் கச்சேரிக்குப் போறீங்களா?

1. ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் பத்து நிமிடம் அதை மட்டும் பின்தொடருங்க. டிரம்ஸ் நல்ல தொடக்கம்.
2. அப்புறம், யார் யாருக்குப் பதில் சொல்றாங்கன்னு கவனிங்க.
3. சோலோ முடிஞ்சதும் கைதட்டலாம். ஆனா எங்கே முடியுதுன்னு இந்த இசையில் சொல்வது கஷ்டம். சந்தேகமா இருந்தா மத்தவங்க தட்டற வரைக்கும் காத்திருங்க.
4. வீடியோ எடுக்காதீங்க. அமைதியான கட்டங்களில் மொபைல் வெளிச்சமே தொந்தரவு.
5. சின்ன ஹாலில் சத்தம் பலமா இருக்கும். ஸ்பீக்கருக்கு நேரா உட்காராதீங்க. காது அடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.
6. பிடிக்கலைன்னா பிடிக்கலைதான். ஆனா, முதல் தடவை ஒரு செட் முழுசா கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எங்கே, எப்போ, எப்படித் திரும்பி வர்றது?

இதுதான் வடசென்னைக்காரர்களின் உண்மையான பிரச்னை. இந்த மாதிரி இசைக்கான மேடைகள் பெரும்பாலும் நமக்குத் தெற்கேதான் இருக்கின்றன. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட் பகுதியில் இருக்கும் கதே இன்ஸ்டிட்யூட் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் கவனித்து வாருங்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் வரும்போது இப்படிப்பட்ட பண்பாட்டு மையங்கள்தான் முக்கியமான மேடை. பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம், ஜூன் 21 உலக இசை தினம். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள்.

8 மணிக்குத் தொடங்கும் கச்சேரியின் இரண்டாவது செட்டை, திரும்பிவர வண்டி கிடைக்காது என்ற பயத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்த காலம் உண்டு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. 2022-ல் திருவொற்றியூர் தேரடி நிலையமும் திறந்தது. இப்போது நீலத்தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் நேரே ஆயிரம் விளக்கு. அங்கிருந்து நுங்கம்பாக்கம் மையங்களுக்கு ஆட்டோ எடுத்தால் போதும். எண்ணூர்க்காரர்கள் விம்கோ நகரில் இறங்கி மேலே போகவேண்டும், அதற்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிளம்பும் முன் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து, மொபைலில் அலாரம் வைத்துவிடுங்கள். வைப்ரேஷனில்!

கேட்டுப் பழக ஐந்து

1. ஆலிஸ் கோல்ட்ரேன்: ஜர்னி இன் சச்சிதானந்தா (1971). தம்பூரா ஒலிக்கிற ஆல்பம், பயமில்லாமல் நுழையலாம்.
2. ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்: கின்ஸ்மென் (2008).
3. விஜய் ஐயர், பிரசன்னா, நிதின் மித்தா: தீர்த்தா (2011).
4. ஆர்னெட் கோல்மன்: தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம் (1959).
5. ஜான் கோல்ட்ரேன்: அசென்ஷன் (1966). இதைக் கடைசியாக, நல்ல ஹெட்போனில்.

ஐந்தையும் கேட்டு, ஒரு கச்சேரிக்கும் போய்வந்த பிறகு இன்னொன்று செய்யலாம். ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள். இரண்டு பேர் நான்கு பேராகட்டும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஸ்பீக்கரை வைத்து மாதம் ஒரு ஆல்பம் கேளுங்கள். 1965-ல் சிகாகோக்காரர்களும் வெளியே இருந்து மேடை வரும் என்று காத்திருக்கவில்லை. வடசென்னையில் முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த முறை கலைஞர்கள் மெட்ரோவில் வடக்கு நோக்கி வரட்டும்!