அசல் எது?

பழைய மோட்டாரைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு பித்து உண்டு. ஒவ்வோர் உறுப்பும் அந்த வண்டியோடு பிறந்ததாக இருக்க வேண்டும். 1964ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. போன்ற அமெரிக்க அசுரவேகக் கார்களுக்கு, இஞ்சின் முதற்கொண்டு எல்லாம் அசலாக இருந்தால்தான் முழு மதிப்பு. செவர்லே இஞ்சின் வார்ப்பிலே தேதியே இருக்கும்: 'ஏ' என்றால் ஜனவரி, 'பி' என்றால் பிப்ரவரி, பின்னால் நாளும் வருஷத்தின் கடைசி இலக்கமும். வண்டி பிறந்த பிறகு வார்த்த இஞ்சின் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

ஒட்டன்சத்திரத்துப் பட்டறை ஒன்றில் பழைய செவர்லே ஒன்றைப் பார்த்தேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே டீசல் இஞ்சின்.

"இதைக் கழட்டிக் கடாசிட்டு அசலைத் தேடணுங்க" என்றார் சொந்தக்காரர்.

எனக்குச் சம்மதமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில், கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டிகளை விற்றது. 1954ல் கடையைக் கட்டியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உதிரி உறுப்புகள் அருமையாயின. பெட்ரோலைவிட டீசல் மலிவு. சென்னை சிம்ப்ஸன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின்களைச் செய்தது. வண்டிக்காரர்கள் பலர் வண்டியின் இருதயத்தையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வண்டியின் செப்புப்பட்டயம் அதுதான்.

கோயில் திருப்பணியில் கல்வெட்டுக் கல்லைப் படிக்கட்டாகப் போட்டுவிட்டால் நமக்கு வயிறு எரிகிறதல்லவா? அந்த டீசல் இஞ்சினும் ஒரு கல்வெட்டு. பற்றாக்குறைக் காலத்தில் ஒரு தேசம் எப்படி வண்டி ஓட்டியது என்பதை அது சொல்கிறது.

அசலைத் தேடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணைக் குறித்து ஓரமாக வையுங்கள்.