திண்ணையில் ஒரு தேர்ப்போர்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் சேலையூர் வீட்டுத் திண்ணையில் எகிப்து மன்னனுக்கும் ஹிட்டைட் மன்னனுக்கும் ஒன்பது முறை யுத்தம் நடந்தது. ஒன்பது முறையும் நான்தான் ஹிட்டைட் மன்னன். அந்தப் பதவியை நான் விரும்பி ஏற்கவில்லை. எகிப்தின் சிம்மாசனத்தை என் அக்கா மகன் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு விட்டான். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பையனுக்குப் பதினான்கு வயது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக வைத்துத் தேர்கள் செய்திருந்தான். ஒரு தேர் ஐம்பது தேருக்குச் சமானம். என் அக்காவின் நீலப் புடவை ஒரொண்டெஸ் நதியாயிற்று. கவிழ்த்து வைத்த ஆழாக்கு காதேஷ் நகரமாயிற்று. பரமபதப் பெட்டியிலிருந்து பகடை வந்தது. இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். தேர் ஒரு தடவைக்கு எத்தனை அங்குலம் போகலாம், எப்போது அம்பு விடலாம், எப்போது ஓட வேண்டும் என்று அவனே எழுதிய சட்டங்கள் அதில் இருந்தன.

"விளையாட இல்லே மாமா. சட்டம் சரியா இருக்கான்னு பரீட்சை பண்ணணும். அதுக்கு எதிராளி வேணும்" என்றான்.

இப்படிப்பட்ட பரீட்சையைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1824-ஆம் வருஷம் பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, நிலப்படமும் கட்டைகளும் பகடையும் கொண்டு போரை மேஜை மீது நடத்திக் காட்டினார். சேனாதிபதிகளே அதை ஏற்றுக்கொண்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்தார்கள். 1913-இல் என் தொழிலைச் சேர்ந்த ஒருவர், எச். ஜி. வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தரையில் ஈய வீரர்களை நிறுத்தி, வில் சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவதற்கான விதிகள் அதில் உண்டு. பொம்மைப் போரோடு மனிதன் நிறுத்திக்கொண்டால் எவ்வளவு நன்மை என்றும் அவர் எழுதினார். மறு வருஷமே உலக யுத்தம் மூண்டது.

அவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள் நாம். சதுரங்கம் என்ற பெயருக்கே நான்கு உறுப்புள்ள படை என்றுதான் பொருள்: தேர், யானை, குதிரை, காலாள். மூலையில் நின்று நேர் கோட்டில் ஓடும் காயை இப்போது கோட்டை என்கிறோம். யானை என்பாரும் உண்டு. ஆதியில் அது தேர். நேராக ஓடும், வளையத் தெரியாது. அந்தக் காயை அப்படி அமைத்தவன் தேரை நன்றாக அறிந்தவன் என்பது எனக்குத் திண்ணைப் போரில் விளங்கிற்று.

போகட்டும். காதேஷுக்கு வருவோம்.

கி.மு. 1274 என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் வருஷத்தில், எகிப்து அரசன் இரண்டாம் ராம்செஸ் சிரியாவிலுள்ள காதேஷ் நகரைப் பிடிக்கப் புறப்பட்டான். அவன் பட்டத்துக்கு வந்து ஐந்தாவது வருஷம்; இளமையும் அவசரமும் உள்ள வயது. படையை நான்காகப் பிரித்து, ஆமன், ரா, ப்தா, சேத் என்று தெய்வங்களின் பெயரைச் சூட்டியிருந்தான். வழியில் இரண்டு நாடோடிகள் அகப்பட்டார்கள். "ஹிட்டைட் மன்னன் முவத்தல்லி வெகு தூரத்தில், அலெப்போ பக்கம் இருக்கிறான், உங்களுக்குப் பயந்து வரவில்லை" என்றார்கள். நம்மைப் புகழ்ந்து சொல்லும் பொய்யை நம்பாதவர் யார்? ராம்செஸ் நம்பினான். ஆமன் படையோடு மட்டும் விரைந்து சென்று காதேஷுக்கு வடமேற்கே பாசறை இறங்கினான். மற்ற மூன்று படைகளும் பின்னால் நீண்ட வரிசையில் வந்துகொண்டிருந்தன.

பிறகு பிடிபட்ட இரண்டு ஒற்றர்களைத் தடியால் அடித்துக் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முவத்தல்லி நகரத்துக்குப் பின்னாலேயே மறைந்து நின்றான். ராம்செஸ் தலையில் கை வைக்கும் முன்பே 2,500 ஹிட்டைட் தேர்கள் பாய்ந்து, நடந்து வந்துகொண்டிருந்த ரா படையைச் சிதற அடித்துவிட்டுப் பாசறைக்குள் புகுந்தன.

இந்த எண்ணிக்கை எகிப்தியர் கொடுத்தது. பின்னால் அனுப்பப்பட்ட ஆயிரம் தேர்களையும் சேர்த்துப் பகைவனுக்கு 3,500 தேர் என்று கணக்குச் சொன்ன ராம்செஸ், தன்னிடம் எத்தனை தேர் இருந்தது என்பதை மட்டும் கல்லில் வெட்டவில்லை. ஆகையால் பையன் ஓர் ஊகமாக நாற்பது அட்டைத் தேரைத் தனக்கு எடுத்துக்கொண்டு எனக்கு எழுபது கொடுத்தான்.

முதல் மூன்று போரிலும் நான் வென்றேன். என் ராஜதந்திரம் ஒன்றும் காரணமில்லை. எகிப்துத் தேரில் இரண்டு பேர்: ஒருவன் ஓட்டுகிறான், ஒருவன் அம்பு விடுகிறான். எகிப்தியர் செதுக்கிய சிற்பங்களின்படி ஹிட்டைட் தேரில் மூன்று பேர்: சாரதி, கேடயக்காரன், ஈட்டிக்காரன். எழுபது தேரும் ஒரே மூச்சில் வந்து விழுந்தால் நாற்பது தேர் எங்கே நிற்கும்? மூன்றாம் முறை ராம்செஸ் மகாராஜா திண்ணை விளிம்பிலிருந்து தெருவில் விழுந்தார்.

பையன் முகம் சுண்டிப் போயிற்று. "சட்டத்திலே தப்பு இருக்கு மாமா. சரித்திரத்திலே எகிப்துதானே ஜெயிச்சது?" என்றான்.

மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதிய சட்டம் முளைத்திருந்தது. ராம்செஸ் இருக்கும் தேருக்கு மட்டும் இரண்டு பகடை. இரண்டின் கூட்டுத்தொகைதான் அவன் பலம். நான்காம் போரிலும் ஐந்தாம் போரிலும் எகிப்து வென்றது. என் தேர்கள் அக்காவின் புடவையில் வரிசையாக மூழ்கின.

"இப்போ சரியா வந்துடுத்து!" என்று துள்ளினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தொடர்கதையில் நான் என் கதாநாயகனை ஒற்றைத் தேரில் ஏற்றி ஆயிரம் பேருக்கு நடுவே அனுப்பினேன். அவன் காலையிலிருந்து அந்தி வரை போர் செய்து கீறல் இல்லாமல் திரும்பினான். வாசகர் ஒருவர் ஒரு தபால் கார்டில் இரண்டே வரி எழுதியிருந்தார்: "வீரர் களைக்கவில்லை, சரி. குதிரைகளுமா களைக்கவில்லை?" அந்தக் கார்டுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? நானும் என் கதாநாயகனுக்கு இரண்டு பகடை கொடுத்திருந்தேன்.

ராம்செஸும் அதைத்தான் செய்தான். கர்னாக், லக்ஸர், அபைடாஸ், ராம்செஸின் நினைவுக் கோயில், அபு சிம்பல் என்று கோயில் கோயிலாகக் காதேஷ் போரைச் செதுக்கச் சொன்னான். எல்லாரும் ஓடிப்போன பிறகு தன்னந்தனியாக, ஆமன் தெய்வத்தின் துணையோடு பகைவர் தேர்களைத் தானே நதியில் தள்ளியதாகக் கல் சொல்கிறது. நீரில் விழுந்த அலெப்போ அரசனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கக்க வைப்பதைக் கூட ஹாஸ்யமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

மூவாயிரம் வருஷத்துக்கு மேல் அந்த ஒரு கட்சியின் வாக்குமூலந்தான் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. 1906-இல் துருக்கியிலுள்ள போகஸ்கொய் என்னும் கிராமத்தில் ஹ்யூகோ விங்க்ளர் என்ற ஜெர்மானியர் மண்ணைத் தோண்டினார். ஹிட்டைட் தலைநகரின் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அந்த ஊர் ஏடுகளில் கதை வேறு: முவத்தல்லி எகிப்து அரசனைத் தோற்கடித்து டமாஸ்கஸ் பிரதேசம் வரை போனான் என்று இருக்கிறது. எதை நம்புவது? போருக்குப் பின் நடந்ததைப் பார்த்தால் போதும். ராம்செஸ் ஊருக்குத் திரும்பினான். காதேஷ் நகரம் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. இடையில் எகிப்துப் பக்கம் சாய்ந்த அமுரு நாடும் அவர்களிடமே திரும்பியது.

இதையெல்லாம் சொன்னதும் பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மொதல் மூணு ஆட்டந்தான் சரியா?" என்றான்.

"அதுவும் சரியில்லை. ராம்செஸ் சாகவில்லையே, அவன் படை முழுக்க அழியவில்லையே. அது ஏன் என்று கண்டுபிடி. கண்டுபிடித்ததைச் சட்டமாக எழுது. ஆளுக்குப் பகடை கொடுக்காதே, காரணத்துக்குக் கொடு" என்றேன். சொல்லும்போது அந்தத் தபால் கார்டு என் கண் முன்னால் நின்றது.

காரணங்களைத் தேடி இருவரும் உட்கார்ந்தோம். முதலாவது, பாசறை. உள்ளே புகுந்தவர்கள் கொள்ளையில் மனத்தைப் பறிகொடுத்து வரிசை கலைந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய ஊகம். இரண்டாவது, நெஅரின் என்னும் எகிப்தியப் படைப் பிரிவு ஒன்று அமுரு பக்கத்திலிருந்து தக்க தருணத்தில் வந்து சேர்ந்தது. மூன்றாவது, குதிரை. அதுதான் எங்களை அதிக நேரம் பிடித்தது.

தேர் ஓட்டம் என்பது நம் சினிமாவில் வருவது போல் நாள் முழுதும் நடக்கும் காரியமில்லை. ஹிட்டைட் மன்னர்கள் குதிரைப் பயிற்சிக்கென்றே மித்தானி நாட்டிலிருந்து கிக்குலி என்ற நிபுணரை வரவழைத்திருந்தார்கள். அவருடைய பாடங்கள் அதே போகஸ்கொய் ஏடுகளில் கிடைத்திருக்கின்றன. இன்று இத்தனை தூரம் ஓட்டு, இவ்வளவு தண்ணீர் காட்டு, வியர்வையைத் துடை என்று மாதக் கணக்கில் நீளும் பாடம். அதில் ஓட்டச் சுற்றுக்களின் பெயர்களைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஐக வர்த்தன்ன, தேர வர்த்தன்ன, பன்ஸ வர்த்தன்ன, சத்த வர்த்தன்ன! ஏகம், திரி, பஞ்சம், சப்தம் என்று நம் புரோகிதர் எண்ணுகிற அதே எண்ணிக்கை. மித்தானி அரசன் ஒருவன் ஹிட்டைட்டுகளோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோரும் சாட்சிகள். காதேஷுக்கு முன்பே, கி.மு. பதினான்காம் நூற்றாண்டில் நடந்தது அது.

இதைக் கேட்டதும் பையனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "அப்போ தேரைக் கண்டுபிடிச்சதே நாமதானா மாமா?"

மறுபடியும் இரண்டு பகடை! நான் அவனைக் கொஞ்சம் அமர்த்தினேன். உத்தரப் பிரதேசத்தில் சினௌலியில் 2018-இல் ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய வண்டிகள் கிடைத்தன. அவை தேர் என்றார்கள் சிலர். ஆரமில்லாத முழுச் சக்கரம் கொண்டவை, மாட்டு வண்டியாக இருக்கலாம் என்றார்கள் சிலர். விவாதம் முடியவில்லை. நமக்கு நிச்சயமாகத் தெரிந்த தேர்ப்போர் ஒன்றைச் சொல்கிறேன் என்று ஜீலம் நதிக்கரைக்கு அழைத்துப் போனேன். கி.மு. 326-இல் போரஸ் மன்னனிடம் முந்நூறு தேர் இருந்ததாக அர்ரியன் எழுதுகிறார். அலெக்ஸாந்தர் இரவில் நதியைக் கடந்தபோது, அவனைத் தடுக்கப் போரஸின் மகன் தேர்களோடு விரைந்தான். முந்திய இரவு நல்ல மழை. சேற்றில் சக்கரம் புதைந்தது. தேர்களால் போரிடவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. இளவரசன் அங்கேயே மாண்டான். அவனுடைய வீரத்தில் குறைவில்லை. அன்றைக்குத் தரை சரியில்லை.

பையன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினான். ஓடி வந்த தேர் மூன்றாம் தடவைக்குப் பின் பாதி தூரமே போகலாம். நின்ற இடத்தில் திரும்பக் கூடாது. மூவர் ஏறிய தேருக்கு வளைவு பெரிது. பாசறைக்குள் புகுந்தவன் பகடை போட்டுத் தேறினால்தான் வெளியே வரலாம். ஈர நிலத்தில் தேர் நகராது. ராம்செஸுக்கு ஒரே பகடை.

அதன் பிறகு நான்கு போர். ஒன்றில் ராம்செஸ் அகப்பட்டான். ஒன்றில் நான் நதியில் விழுந்தேன். மற்ற இரண்டில் மாலை வரை போராடி, இரு பக்கமும் களைத்து, ஆழாக்கு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒன்பதாவது போர் முடிந்ததும் பையன் தன் படையை எண்ணினான். பிறகு என் படையையும் எண்ணினான். "மாமா, ரெண்டு பேருமே ஊருக்குப் போய் ஜெயிச்சோம்னு சொல்லிக்கலாம் போல இருக்கே" என்றான்.

உண்மையில் நடந்ததும் அதுதான். போர் நடந்து சுமார் பதினைந்து வருஷம் கழித்து, ராம்செஸும் முவத்தல்லியின் தம்பி மூன்றாம் ஹட்டுசிலியும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒருவர் நாட்டில் ஒருவர் புகுவதில்லை. மூன்றாவது பகைவன் வந்தால் உதவி. ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பும்போது தண்டிப்பதில்லை. எகிப்துப் பிரதி கர்னாக் கோயில் சுவரில் இருக்கிறது. மற்றது போகஸ்கொய் களிமண்ணில் கிடைத்தது. அதன் நகல் ஒன்றை 1970-இல் துருக்கி அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்தது. பிற்பாடு ஹிட்டைட் ராஜகுமாரி ஒருத்தி ராம்செஸுக்கே மனைவியானாள். அவள் அபு சிம்பல் சுவரில் தன் பெரியப்பன் படை தோற்று ஓடும் சிற்பத்தைப் பார்த்தாளா, பார்த்து என்ன நினைத்தாள் என்று யோசித்தால் ஒரு நாவலே எழுதலாம். எழுதினால், ஒரு பகடையோடுதான் எழுத வேண்டும்.

விடுமுறை முடிந்து பையன் ஊருக்குப் போய்விட்டான். நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போனான். சேனைகளை என் பொறுப்பில் விட்டிருந்தான். நேற்று மாலை பார்த்தேன். எதிர் வீட்டுக் குழந்தை, நடக்கப் பழகும் குழந்தை, ராம்செஸின் தேரில் நூலைக் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போயிற்று. நம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவத்துக்குச் சிறுதேர் என்று பெயர் வைத்தார்கள். பட்டினப்பாலைக் காலத்திலேயே நம் குழந்தைகளுக்கு மூன்று சக்கரச் சிறுதேர் இருந்தது.

ஒரு பொத்தான் கழன்று விழுந்தது. குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அந்தப் பழைய கார்டையும் தேடி எடுத்து மேஜை மீது வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவருக்குப் பதில் எழுதப் போகிறேன்: "ஐயா, குதிரைகள் களைத்துத்தான் இருக்கும்."